பத்து மணிக்கு வைத்த உயரம்

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் என் வீடு மேலே போகத் தொடங்கியது.

காலை பத்து மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் 774 மீட்டர். பராகான் ஊரில் எங்கள் தெருவின் உயரம் அதுதான். மாலை நான்கு மணிக்கு, அதே மேசையில் யாரும் தொடாமல் கிடந்த கடிகாரம் 801 என்றது. மறுநாள் காலை மறுபடி 775, மாலை 800. நான்கு நாட்கள் தொடர்ந்து பார்த்தேன். தினமும் பகலில் வீடு ஏறக்குறைய இருபத்தாறு மீட்டர் ஏறி, மறுநாள் காலைக்குள் இறங்கி வந்துவிட்டது.

என் மனைவி ருமினியிடம் சொன்னேன். அவள் வாணலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏறினா ஏறட்டும். மேட்டு நிலத்துக்குத்தான் வெல ஜாஸ்தி. இறங்குறதுக்குள்ள வித்துரலாமா?"

நான் ஜெராக்ஸ் இயந்திரம் பழுது பார்ப்பவன். இருபத்தாறு வருடமாக அதுதான் தொழில். இயந்திரம் பொய் சொன்னால் அதற்குள் எங்கோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும். திறந்து பார்த்தால் அகப்படும். இதுதான் நான் கற்ற ஒரே பாடம்.

கடிகாரம் பழையது, இன்னொருவர் கட்டிக் கழித்தது. செயற்கைக்கோளோடு பேசாது. அது உயரத்தை அறிவது வேறு விதம். பக்கவாட்டில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. துளைக்குப் பின்னால் மெல்லிய ஒரு தகடு. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று முழுவதின் எடையும் அந்தத் தகட்டை அழுத்துகிறது. மலை ஏற ஏற நமக்கு மேலே மிஞ்சியிருக்கும் காற்று குறையும், அழுத்தம் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து எவ்வளவு ஏறினோம் என்று கடிகாரம் கணக்குப் போடும். அதாவது, அதற்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. காற்றை எடை போடும் தராசு அது.

மழை வரப்போகிறது என்றால் காற்று லேசாகும், அப்போது இந்தத் தராசு ஏமாறும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஆகஸ்ட் மாதம். மூன்று வாரமாக ஒரு துளி இல்லை, வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. அதுவும் தினமும் நாலு மணிக்கு வருகிற மழை, வராமலே திரும்பிப் போகுமா? மழையை விட்டேன். வெயிலின் சூட்டில் தகடு விரிகிறதோ என்று ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தைக் குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். முட்டையோடு சேர்ந்து அதுவும் இருபத்தைந்து மீட்டர் ஏறியது.

கடைசியில் திறந்தேன். துளையின் வாயில் கறுப்பாய் ஏதோ படிந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: ஜெராக்ஸ் மை. என் தொழில் தூள். அது போகாத இடம் கிடையாது. என் காது மடலில்கூட இருக்கும். மெல்லிய தூரிகையால் துளையைத் துடைத்து, புது ரப்பர் வளையம் போட்டு மூடினேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்த்தேன். 774. பழுது நீங்கியது.

சரிபார்க்க வேண்டியது மாலையில். நான் பார்த்தது காலையில். சுதந்திர தின வாரம், அலுவலகங்களில் எல்லாம் நோட்டீஸ் அடித்து இயந்திரங்கள் சிக்கிக்கொண்டிருந்தன. கடிகாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன். கண்ணால் கண்ட அழுக்கைக் கையால் துடைத்தபின் மாலையில் ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லை.

இந்த எண்ணுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்று சொல்ல வேண்டும்.

சும்பிங் மலையைச் சுற்றி ஐம்பத்து நாலு கிலோமீட்டர் ஓட்டம். அதிகாலை நாலரைக்குத் தொடக்கம், மாலை ஐந்தரைக்குள் முடிக்க வேண்டும். உச்சிக்குப் போவதில்லை, மலையின் இடுப்பைச் சுற்றி, எரிமலைக் குழம்பு அறுத்த ஓடைகளில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, புறப்பட்ட கிராமத்துக்கே திரும்ப வேண்டும். வழியில் ஐந்து செக்பாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டி வருகிறவரின் மார்பில் குத்திய எண் அட்டையின் மூலையைக் கத்தரித்துவிடுவார்கள். மூலை போன அட்டைக்குப் பிறகு ஓடலாம், நடக்கலாம், உருளலாம், கணக்கில் வராது.

முதல் வருடம் கடைசி செக்பாயிண்டில் பதினொரு நிமிடம் பிந்தினேன். இரண்டாம் வருடம் இடது இடுப்பு நாலாவது செக்பாயிண்டிலேயே பூட்டிக்கொண்டது. இது மூன்றாவது வருடம். மகெலாங் நகரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துக் காட்டியிருந்தார். பந்தும் கிண்ணமும் போல இருக்க வேண்டிய மூட்டு, எலும்பும் எலும்பும் உரசி நின்றது. போட்டி ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வியாழன் புது மூட்டு வைக்க நாள் குறித்தாயிற்று.

"புது மூட்டுல நடக்கலாம், மாடி ஏறலாம், பைக் ஓட்டலாம்," என்றார் டாக்டர். "மலையில ஓடுறது மட்டும் கெடையாது. அத மறந்துருங்க."

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு இருந்தது. மருத்துவமனையில் படுப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை, அட்டையின் நாலு மூலையும் அப்படியே இருக்க, அந்த வட்டத்தை முடிக்க வேண்டும். வேகமாகவெல்லாம் இல்லை. கெடு முடிய ஒரு நிமிடம் இருந்தாலும் போதும்.

வேகம் இல்லாதவன் வழி தவறக் கூடாது. அதற்காக ஒரு அட்டை தயாரித்தேன். வழியில் திரும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் வரைபடத்திலிருந்து எழுதி, என் கடையிலேயே பிளாஸ்டிக் உறை போட்டேன். இதன் தர்க்கம் எளியது. சமவெளியில் நிற்பவனுக்குத் தான் இருக்கும் இடம் தெரிய இரண்டு எண்கள் வேண்டும். சரிவில் ஒரே பாதையில் ஏறுகிறவனுக்கு ஓர் எண் போதும். அந்தப் பாதையில் 1,760 மீட்டர் என்பது ஒரே ஓர் இடம்தான். பனி மூடினாலும் உயரம் தெரிந்தவன் தன் முகவரி தெரிந்தவன்.

சும்பிங் சரிவில் பிற்பகலில் பனி மூடாத நாள் அபூர்வம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தின் ஈரக்காற்று சரிவோடு மேலே தவழும். இரண்டு மணிக்கெல்லாம் புகையிலை வயல்களுக்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

ஜுமாதியோடுதான் ஓடினேன். பராகான் சந்தையில் மீட்பால் சூப் வண்டி வைத்திருக்கிறவன். முந்தைய இரண்டு வருடமும் நாங்கள் சேர்ந்துதான் கடைசியில் ஓடினோம்.

மூன்றாவது செக்பாயிண்டை அடைந்தபோது சரியாகப் பத்து மணி. வேலியில் ஒரு பலகை கட்டியிருந்தார்கள்: உயரம் 1,742. என் கடிகாரம் 1,731 என்றது. பொத்தானை அழுத்திப் பலகையின் எண்ணுக்கே கடிகாரத்தைக் கொண்டுவந்தேன். இதுதான் முறை. அப்போது அது சரியாகவே இருந்தது.

"கடிகாரத்துக்குச் சோறு ஊட்டிட்டியா?" என்றான் ஜுமாதி, வாய் நிறைய மக்காச்சோளச் சோற்றோடு. "எனக்கும் அப்படி ஒரு பொத்தான் வேணும்ணே. அமுக்குனா வயசு இருபத்தஞ்சுக்கு வரணும்."

"உனக்கு வயித்துலதான் பொத்தான். அமுக்கிக்கிட்டே இருக்க."

பத்து கிலோமீட்டர் தள்ளி நாலாவது செக்பாயிண்ட். ஒரு பள்ளிக்கூட முற்றம். பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கெடுவுக்கு அரை மணி இருந்தது. பள்ளி வராந்தாவில் நடுப்பகல் தொழுகையான லுஹர் தொழுதோம். இடுப்பு மடங்காததால் நான் உட்கார்ந்தபடியே தொழுதேன். எழுந்திருக்கத் தூணைப் பிடித்து மூன்று தவணையில் எழ வேண்டியிருந்தது.

ஜுமாதி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். "பயணம் எண்பது கிலோமீட்டருக்கு மேல போனாத்தான் ரெண்டு தொழுகையச் சேத்துத் தொழுவ சலுகை. இவனுங்க ஐம்பத்து நாலோட நிறுத்திட்டானுங்க. இன்னும் இருவத்தேழு சேத்து வெச்சிருந்தா சாயங்காலத் தொழுக அஸரையும் இங்கயே முடிச்சிருக்கலாம்."

"இருவத்தேழு சேத்தா நீ அங்க உயிரோட இருக்க மாட்ட."

"அதச் சொல்லு. அப்புறம் எனக்கு மத்தவங்க கடைசித் தொழுக தொழுவாங்க."

சிரித்தான். பிறகு காலை நீட்டினான், நீளவில்லை. தசை கல்லாக முடிச்சிட்டு நின்றது. தேய்த்துப் பார்த்தோம், உப்புத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். அவனே தன் அட்டையைக் கழற்றி மேசையில் இருந்தவரிடம் நீட்டினான்.

"வெட்டிக்கோங்க சார். நாலு மூலையும் வெட்டுங்க, சூப் வண்டியில ஒட்டி வெக்கறேன்." என்னைப் பார்த்தான். "நீ போண்ணே. இந்த வருசம் விட்டா உனக்கு இரும்புக் காலு. போ."

அந்த முற்றத்திலும் ஒரு பலகை இருந்தது. உயரம் 1,655. கடிகாரம் 1,667 என்றது. பன்னிரண்டு மீட்டர் வித்தியாசம்.

ஜுமாதியும் பார்த்துவிட்டான். "பலக தப்பா, கடிகாரம் தப்பா?"

"பலகதான். வாசல்ல அளந்து முற்றத்துல நட்டிருப்பானுங்க. கடிகாரத்த நானே தொறந்து தொடைச்சேன்."

அப்படித்தான் சொன்னேன். பொத்தானை அழுத்தவில்லை.

அதற்குப் பிறகு நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் கண்டுங் மட்டும். தபால்காரன், நாற்பது வயது, மலை ஆடு மாதிரி நடப்பான். வழி நெடுகச் செடிகளிலும் மூங்கில்களிலும் கட்டியிருக்கும் மஞ்சள் ரிப்பன்களை, கடைசி ஓட்டக்காரன் கடந்தபின் ஒவ்வொன்றாகப் பிய்த்து முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வருவது அவன் வேலை. மலையில் பிளாஸ்டிக் மிஞ்சக் கூடாது என்பது விதி. நாங்கள் அந்த வேலைக்காரனைத் துடைப்பம் என்போம். துடைப்பம் உன்னைத் தொட்டால் நீ குப்பை. சட், சட் என்று பின்னால் ரிப்பன் அறுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே ஓடுவது ஒரு தனி வேதனை. ஆனால் சத்தம் பின்னால் கேட்கும்வரை முன்னால் ரிப்பன் உண்டு.

செல்போன் இரண்டு மணிக்கு அணைந்தது. பழைய பேட்டரி, குளிர் தாங்காது. எதிர்பார்த்ததுதான். பனியும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

மூன்று மணிக்கு ஓர் ஓடையில் இறங்கினேன். அடியில், வயல்காரர்கள் கட்டிய சிறிய தொழுகைக் குடில். மூங்கில் சுவர், தகரக் கூரை. அஸர் நேரம் ஆகியிருந்தது. அடுத்த செக்பாயிண்ட் மூன்றரைக் கிலோமீட்டர், கெடு நாலேகால். நாற்பது நிமிடம் போதும். இருபது நிமிடத்தில் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் மூன்று மணி இருபது. பத்துப் பதினைந்து நிமிடம் மிச்சம்கூட இருக்கும். கணக்கில் பிழை இல்லை. இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறேன், பிழை இல்லை.

தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்ய நீர் குடிலுக்குப் பின்புறம், பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியே விழுந்துகொண்டிருந்தது. காலைக் கழுவ வேண்டும். அதற்குக் காலணியைக் கழற்ற வேண்டும், காலுறையை உரிக்க வேண்டும், குதிகாலில் சுற்றிய ஒட்டுத்துணியை எடுக்க வேண்டும். குனிய முடியாதவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலை. ஒரு கல்லில் சாய்ந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். தண்ணீர் விழும் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

கண்டுங் வந்தது அப்போதுதான். அவன் தன் வேலையைச் சரியாகவே செய்தான். யாராவது தொழுதுகொண்டிருக்கலாம் என்று குடிலுக்குள் எட்டிப் பார்த்தான். காலியாக இருந்தது. வாசலில் காலணி இல்லை. நான் ஏறிப் போய்விட்டேன் என்று நினைத்து, ரிப்பன்களைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

நான் தொழுது முடித்து வெளியே வந்து ரிப்பனைத் தேடினேன். இல்லை. ஓடையின் மறுகரையில் ஏறும் பாதையில் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லை. ஒரு மூங்கிலில் மட்டும் முடிச்சு மிஞ்சியிருந்தது, விரல் நக அளவு மஞ்சள்.

"கண்டுங்! டேய் கண்டுங்!"

பனிக்குள் கத்தினால் குரல் பஞ்சுக்குள் குத்திய ஊசி மாதிரி. பதில் இல்லை.

பயப்படவில்லை. இதற்காகத்தானே உயர அட்டை. எடுத்துப் பார்த்தேன்: 'ஓடை தாண்டி நேர் ஏற்றம். 1,760இல் இடப்பக்கப் பாதை.'

அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்றால், புகையிலைப் பாத்திகள் படிப்படியாக மேலே போகும். பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒரு தடவை, கூடை சுமப்பவர்களுக்காக இடது பக்கம் குறுக்குப் பாதை ஒன்று பிரியும். எல்லாம் ஒரே அகலம், ஒரே செம்மண், ஒரே செருப்புத் தடம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இருபத்தைந்து மீட்டர் உயர வித்தியாசம். வயல்காரனுக்கு யாருடைய பாத்தி என்பதை வைத்து எந்தப் பாதை என்று தெரியும். எனக்கு எண்தான் தெரியும்.

கடிகாரத்தைப் பார்த்தபடியே ஏறினேன். 1,700. 1,710. ஒரு பாதை பிரிந்தது, கடந்தேன். 1,735இல் இன்னொன்று இருக்க வேண்டுமே என்று தேடினேன்; காணோம். பனியில் தவறவிட்டிருப்பேன். 1,750. 1,758. இதோ இடப்பக்கம் ஒரு பாதை. கடிகாரம் 1,760. மணி மூன்று முப்பத்து நாலு.

திரும்பினேன்.

அந்தப் பாதை மட்டமாக, மிருதுவாக, சரிவை அணைத்தபடி போனது. லேசாக இறக்கம்கூட. இடுப்பு அன்று முழுவதும் செய்யாததைச் செய்தது: வலிக்காமல் இருந்தது. ஓடினேன். நடை கலந்த ஓட்டம் இல்லை, நிஜ ஓட்டம். புகையிலை இலைகள் இரு பக்கமும் தொடையில் தட்டின. பன்னிரண்டு நிமிடம். ஐம்பத்தொரு வயதில், பனிக்குள், யாரும் பார்க்காமல், நான் நன்றாக ஓடினேன். கடைசி செக்பாயிண்டை நாலு மணிக்கே தொட்டுவிடுவேன், மீதி எட்டு கிலோமீட்டர் இறக்கம், முடித்துவிடுவேன் என்று தெரிந்தது. ருமினியிடம் எதையும் சொல்லாமல் எண் அட்டையை மட்டும் மேசையில் வைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஓடினேன்.

பாதை ஒரு வீட்டு முற்றத்தில் முடிந்தது.

முற்றம் முழுக்க மூங்கில் தட்டிகள், நறுக்கிய புகையிலை பரப்பியவை. பனி இறங்கிவிட்டதால் ஒரு பெண் அவசரமாகத் தட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தட்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு? ஓட்டக்காரரா? இங்க எங்க வந்தீங்க?"

"செக்பாயிண்ட் இந்தப் பக்கம்தானே அக்கா?"

"இங்க ஏது? ஓட்டக்காரங்க எல்லாரும் மேல் பாதையிலல்ல போனாங்க. காலையிலேர்ந்து தலை தலையாத் தெரிஞ்சுது. இது எங்க வீட்டுப் பாதை. எங்க வீட்டோட சரி."

"இங்கேர்ந்து மேல குறுக்கால ஏறலாமா?"

"ஏறலாம், நீங்க கொரங்கா இருந்தா. நடுவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு." என் காலைப் பார்த்தாள். "வந்த வழியே போய், ஒரு பாத மேல ஏறித் திரும்புங்க. உக்காந்து டீ குடிச்சுட்டுப் போங்களேன். மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

மணி மூன்று நாற்பத்தாறு. கெடுவுக்கு அரை மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. டீக்கு நிற்கவில்லை. திரும்பினேன்.

லேசான இறக்கம் என்றேனே, அது இப்போது லேசான ஏற்றம். இடுப்பு தன் பாக்கியைக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் கிண்ணத்துக்குள் மணல் அரைபடுவது போல் ஒரு சத்தம். காதில் கேட்டதா, எலும்பில் கேட்டதா தெரியாது. இரண்டு கையாலும் இடது தொடையைத் தூக்கித் தூக்கி வைத்தேன். பிரிந்த இடத்துக்கு வந்தபோது நாலு மணி நாலு நிமிடம். மேலே ஏறினேன். இருபத்தைந்து மீட்டர் மேலே, சரியாக அதே மாதிரி இன்னொரு பாதை. கடிகாரம் 1,786 என்றது. மூங்கிலில் மஞ்சள் முடிச்சு இருந்தது.

மீதம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஏழெட்டு நிமிடம் இருந்தது. முடியாது என்பது எனக்கு அங்கேயே தெரியும். இருந்தாலும் ஓடினேன், அல்லது ஓட்டம் போல ஒன்றைச் செய்தேன்.

நாலு முப்பத்தொன்றுக்குக் கடைசி செக்பாயிண்ட். மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கண்டுங் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டான்.

"அண்ணே! நீ முன்னாடி போயிட்டேன்னுல்ல நெனச்சேன்! இங்க வந்து பாத்தா நீ இல்ல, இப்பத்தான் தேடிக் கெளம்பறேன். குடிலுக்குள்ள எட்டிப் பாத்தேண்ணே. சத்தியமா பாத்தேன். யாருமே இல்ல."

"பின்னாடி கால் கழுவிக்கிட்டிருந்தேன்."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாமே நான்." அவன் முகம் ரிப்பன் நிறத்துக்குப் போனது. "ஒரே ஒரு கொரல்."

நேரம் குறிக்கும் எந்தா டீச்சர், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றார். வெட்ட மனமில்லாமல் குளிர்ந்துபோன இஞ்சி டீயை நீட்டினார்.

"ரிப்பன் இல்லாததுக்கு நீங்க பொறுப்பில்லயே மர்வோத்தோ. நான் வேணா தலைமைக்குப் போன் போட்டுக் கேக்கறேன். இருவது நிமிசம் கூடக் குடுப்பாங்க."

ஒரு கணம், கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன். டம்ளரை வாயில் வைத்தபடி நின்றேன். ஆனால் ரிப்பன் இல்லாமல் போனதால் நான் பிந்தவில்லை. ரிப்பன் இல்லாமலே சரியான பாதையில் ஏற எனக்கு வழி இருந்தது. அந்த வழிதான் என்னைத் தப்பாகத் திருப்பியது. அது ஏன் என்று தெரியவில்லை. காரணம் தெரியாத பிழைக்கு நிவாரணம் கேட்க எனக்கு வரவில்லை. தவிர, இருபது நிமிடம் கொடுத்தாலும் மீதி எட்டு கிலோமீட்டரை அந்தக் காலோடு ஐந்தரைக்குள் முடித்திருக்க மாட்டேன். நின்ற இடத்திலிருந்து அந்தக் கால் நகரவே இல்லை.

"வெட்டுங்க டீச்சர்."

வெட்டினார். முக்கோணத் துண்டு காற்றில் போனது. விதிப்படி கண்டுங் ஓடிப் போய் அதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

கீழே இறங்கக் கோசு மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி. தூக்கி ஏற்றினார்கள். ஜுமாதி அதில் ஏற்கெனவே மூட்டை மேல் கிடந்தான். என் அட்டையைப் பார்த்தான். அவனுக்கு எதற்கும் ஒரு கேலி உண்டு. அன்று அதற்குப் பதில் ஒரு கோசை நகர்த்தி எனக்கு இடம் விட்டான்.

வியாழக்கிழமை என் பழைய இடுப்பு மூட்டை அறுத்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஆறு வாரம் படுக்கை. வேலை இல்லை. பக்கத்தில் கடிகாரமும் ஒரு நோட்டும். ஒவ்வொரு மணிக்கும் உயரத்தை எழுதினேன். வலியில் விழித்த இரவுகளிலும் எழுதினேன். பத்து நாள் எழுதி, எண்களைப் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தேன். பழுதான இயந்திரம் தாறுமாறாகத்தான் கோடு போடும். இது அலை போல வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு அலை. காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் வீடு கீழே. மாலை நாலுக்கும் விடிகாலை நாலுக்கும் வீடு மேலே. விடிகாலை ஏற்றம் மட்டும் சிறியது. பத்து நாளும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வானிலை அலுவலகம் ஒன்றில் ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே எர்னி என்று ஒரு பெண். போன் போட்டுக் கேட்டேன்.

"இது தெரியாதாண்ணே?" என்றாள். "காத்து அழுத்தம் தெனமும் அப்படித்தான் ரெண்டு தடவ ஏறி எறங்கும். கடல்ல ஏத்தவத்தம் மாதிரி காத்துக்கும் உண்டு. வெயிலு மேல்காத்தச் சூடாக்குறதுனால வர்றது. குளிர் நாட்டுல புயலும் மழையும் அத மறைச்சிரும். நம்ம பூமத்திய ரேகப் பக்கம் அத வெச்சே மணி சொல்லலாம். நீங்கதான் தெனமும் பாத்திருப்பீங்களே?"

"நான் எங்க பாத்தேன்?"

"எங்க மெஷின சர்வீஸ் பண்ணிட்டு, மை சரியா விழுதான்னு எங்க காத்து அழுத்தம் வரையிற தாளத்தானே வெச்சு ஒவ்வொரு தடவயும் காப்பி எடுத்துப் பாப்பீங்க. அந்தக் கோட்டுல தெனமும் ரெண்டு மேடு இருக்குமே."

இருந்தது. இப்போது கண் முன்னால் தெரிகிறது. பதினோரு வருடம் அந்தத் தாளைக் கையில் பிடித்து, கோடு கறுப்பாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆக, கடிகாரத்தில் ஒருபோதும் பழுது இல்லை. ஒரு நாளில் காற்றின் எடை மிக அதிகமாக இருக்கும் நேரத்தில், பத்து மணிக்கு, அதைச் சரியாக வைத்தேன். பிறகு காற்று லேசாகிக்கொண்டே போக, கடிகாரம் அதை ஏற்றம் என்று எண்ணியது. மூன்றரை மணிக்கு அது 1,760 என்றபோது நான் நின்றது 1,734இல். பள்ளிக்கூடத்துப் பலகை சரி. பன்னிரண்டு மீட்டர் வித்தியாசத்தில் அது எனக்குச் சொன்னது இதைத்தான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு இனி அது பயன்படாது; ஜுமாதியும் அடுத்த வருடம் ஓடப்போவதில்லை என்கிறான். இருந்தாலும் முறை இதுதான். இப்படிப்பட்ட கடிகாரத்தைக் காலை பத்து மணிக்குச் சரியாக வைத்திருந்தால், அது காட்டும் உயரத்திலிருந்து பதினொரு மணிக்கு மூன்று மீட்டர் கழிக்க வேண்டும். பன்னிரண்டுக்கு எட்டு, ஒன்றுக்குப் பதினாலு, இரண்டுக்கு இருபது, மூன்றுக்கு இருபத்தைந்து, நாலுக்கு இருபத்தேழு. வழியில் உயரம் எழுதிய பலகையைக் கண்டால் கழிக்கவும் வேண்டாம்: நின்று, பொத்தானை அழுத்தி, பலகையில் உள்ள எண்ணைக் கடிகாரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.